தராசுக்கு முன்னே ஒரு சபை

1905-ஆம் ஆண்டில், அமெரிக்காவின் பாஸ்டன் நகரத்தில், ஜோசப் பிராட் என்னும் வைத்தியர், க்ஷயரோகத்தால் பீடிக்கப்பட்டும் சானடோரியத்தில் தங்கிச் சிகிச்சை பெறும் வசதியற்றும் இருந்த ஏழை நோயாளிகளை வாரத்துக்கு ஒரு நாள் ஓர் அறையில் ஒன்றுகூட்டி உட்கார வைத்தார். ஒவ்வொருவரிடமும் ஒரு நோட்டுப் புத்தகம் இருக்கும். அன்றன்று உண்ட ஆகாரம், திறந்த வெளியில் ஓய்வாகப் படுத்திருந்த நேரம் முதலிய விவரங்களை அதில் தவறாமல் எழுதி வர வேண்டும். வந்தவுடன் எடை பார்த்து, நாடி பார்த்து, புத்தகத்தைப் பரிசீலித்த பின்னரே பேச்சு ஆரம்பமாகும். பலருக்கும் ஒரே சமயத்தில் போதிக்கலாம், காலமும் மிச்சமாகும் என்று தொடங்கிய இந்த ஏற்பாட்டில், வைத்தியர் எதிர்பாராத ஒன்று நிகழ்ந்தது. குலத்தாலும் மதத்தாலும் பாஷையாலும் வேறுபட்ட அந்த மனிதர்கள், ஒரே வியாதி என்கிற ஒரு சம்பந்தத்தினாலேயே ஒருவருக்கொருவர் உறவினரைப் போலாகி, ஒருவர் எடை கூடினால் மற்றவரும் மகிழ்ந்து, வராதவரைப் பற்றி விசாரித்து, அந்த வாராந்தரக் கூட்டத்துக்காகவே காத்திருக்கலாயினர். கூட்டுமுறை மனோசிகிச்சையின் சரித்திரத்தை எழுதுவோர் பெரும்பாலும் இந்த அறையிலிருந்துதான் தொடங்குவார்கள்.

ஸ்தூல சரீரத்தால் அவதியுறுவோர் கூடும் சங்கங்களைப் பற்றி எழுத வந்த நான் க்ஷயரோகிகளிடமிருந்து ஆரம்பிப்பதற்குக் காரணம் உண்டு. வாரம் ஒரு நாள், கையில் ஒரு குறிப்புப் புத்தகம், நுழைந்தவுடன் தராசு, பிறகு ஒரே கஷ்டமுடையோரின் பேச்சு என்ற அதே ஏற்பாடு, எடை கூடவேண்டும் என்பதற்குப் பதிலாகக் குறையவேண்டும் என்னும் நோக்கத்தோடு, நாற்பது ஆண்டுகளுக்குப் பின் மறுபடியும் தோன்றிற்று. வெளித்தோற்றத்தில் இரண்டும் ஒன்றே. ஆனால் முன்னவர் நிலைமைக்கும் பின்னவர் நிலைமைக்கும் இடையே ஒரு பெரிய பேதம் இருக்கிறது. க்ஷயரோகியைக் கண்டு உலகம் அஞ்சி ஒதுங்கியிருக்கலாம்; அப்போதும் அவன் மேல் இரக்கம் கொண்டது. மிகப் பருமனான மனிதரைக் கண்டாலோ, அவருடைய உடம்பையே அவருடைய குற்றத்துக்குச் சாட்சியாகக் கொண்டு, வாயைக் கட்டத் தெரியாதவர் என்று பார்த்த மாத்திரத்தில் தீர்ப்புச் சொல்லிவிடுகிறது. ஆகவே இந்த இரண்டாவது வகைச் சபைக்கு முதலாவதற்கு இல்லாத ஒரு காரியம் வந்து சேர்ந்தது: அங்கே வந்து சேருபவரின் எடையைக் குறைப்பதற்கு முன்பாக அவருடைய லஜ்ஜையைக் குறைத்தாக வேண்டும். இந்தக் காரியத்தை எந்தச் சங்கம் எவ்வளவு தூரம் செய்தது என்பதைக் கொண்டே அதன் யோக்கியதையை அளக்க வேண்டும் என்பது என் அபிப்பிராயம்.

1948-இல் மில்வாக்கி நகரத்தில் எஸ்தர் மான்ஸ் என்ற இல்லத்தரசி, பிரசவத்துக்கு முன் கர்ப்பிணிகள் கூடிப் பேசும் வகுப்புக்குச் சென்றிருந்தபோது, பரஸ்பரம் தைரியம் சொல்லிக்கொள்வதில் உள்ள பலத்தைக் கண்டு, தோழியர் சிலரோடு தம் வீட்டிலேயே ஒரு சிறு கூட்டத்தை ஆரம்பித்தார். எடையை விவேகமாகக் குறைப்போம் என்னும் பொருள்பட்ட ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துகளைச் சேர்த்து 'டாப்ஸ்' என்று அதற்குப் பெயர் வந்தது. லாப நோக்கமில்லாத சங்கம்; உறுப்பினர்களே தலைவர்கள்; சந்தா சொற்பம். அதிகம் குறைத்தவருக்குக் கிரீடம் சூட்டி ராணி என்று கொண்டாடுவார்கள். ஆனால் அந்தக் காலத்துக் கிளைகள் பலவற்றில் வேறொரு வழக்கமும் இருந்தது: எடை கூடி வந்தவருக்குப் பன்றி உருவத்தை அணிவித்து, எல்லாருமாகப் பன்றிப் பாட்டுப் பாடுவார்கள். தங்களைத் தாங்களே பரிகாசம் செய்துகொண்டால் ஊரார் பரிகாசம் சுடாது என்று அவர்கள் கருதியிருக்கக்கூடும். நல்லெண்ணத்தோடு செய்ததாகவே இருந்தாலும், அது கொடுமை என்றே சொல்வேன். அடுத்த வாரம் எடை கூடிவிட்டதென்று வீட்டிலேயே அறிந்துகொண்ட ஒருத்தி, அந்த மாலையில் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளேயே இருந்துவிடுவாள். யாருக்கு அன்றைக்குக் கூட்டம் மிகவும் அவசியமோ அவளே அன்றைக்கு வரமாட்டாள். பிற்காலத்தில் அச்சங்கம் இந்தப் பழக்கத்தைக் கைவிட்டு, தன் நிதியிலிருந்து உடல் பருமன் ஆராய்ச்சிக்கே கணிசமாக உதவி வந்திருக்கிறது என்பதையும் நியாயமாகக் குறிப்பிட வேண்டும்.

1961-இல், நியூயார்க்கின் குவீன்ஸ் பகுதியில் வசித்த ஜீன் நிடெச் என்ற 38 வயது ஸ்திரீ கடைக்குப் போயிருந்தார். பஸ் ஓட்டுநரின் மனைவி; இரு பிள்ளைகளின் தாய்; எடை 214 பவுண்டு, அதாவது சுமார் 97 கிலோ. வழியில் எதிர்ப்பட்ட பெண்ணொருத்தி, 'பார்க்க நன்றாக இருக்கிறாயே' என்று உபசாரமாகச் சொல்லிவிட்டு, பிரசவம் எப்போது என்று கேட்டாள். நிடெச் அம்மையார் கர்ப்பமாக இல்லை. அந்தக் கேள்வி அவரை நகரச் சுகாதார இலாகா நடத்தி வந்த பருமன் சிகிச்சை நிலையத்துக்கு அனுப்பிற்று. அங்கே டாக்டர் நார்மன் ஜாலிஃப் என்பவர் வகுத்த ஆகாரத் திட்டம் அச்சடித்த தாளாகக் கொடுக்கப்பட்டது: வாரத்தில் ஐந்து வேளை மீன், ஒரு வேளை ஈரல், அளவான ரொட்டி, ஆடை நீக்கிய பால், எந்த வேளையையும் தவற விடலாகாது. பத்து வாரங்களில் 20 பவுண்டு குறைந்தது. ஆனாலும் குளியலறையில் அழுக்குத் துணிக் கூடைக்குள் சாக்லேட் பிஸ்கட் பெட்டிகளை ஒளித்துவைத்து, வீட்டார் உறங்கிய பிறகு எடுத்துத் தின்னும் பழக்கம் மட்டும் விடவில்லை; சிகிச்சை நிலையத்தில் அதை ஒப்புக்கொள்ளவோ நா எழவில்லை.

அவர் செய்த காரியம் என்னவெனில், தம்மைப் போலவே பருமனாயிருந்த ஆறு தோழியரை வீட்டுக்கு வரவழைத்து, அந்தத் துணிக்கூடை ரகசியத்தை அவர்கள் முன்னிலையில் வாய்விட்டுச் சொன்னார். அவர் சொன்ன மாத்திரத்தில் மற்றவர்களும் தத்தம் ஒளிவிடங்களைச் சொல்லத் தொடங்கினர். மறு வாரமும் கூடினார்கள். சிநேகிதிகளை அழைத்து வந்தார்கள். இரண்டு மாதத்துக்குள் நாற்பது பேர். இங்கே வாசகர் சற்று நின்று ஆலோசிக்க வேண்டும். ஆகாரத் திட்டத்தில் ஒரு வரிகூட மாறவில்லை; சர்க்கார் இலவசமாகக் கொடுத்த அதே தாள்தான். பத்தியம் இன்னதென்று சொல்லுவதற்கு ஒரு வைத்தியர் போதும். பத்தியம் முறிந்த இரவைப் பற்றிச் சொல்லிக்கொள்ளத்தான், தாமும் ஒரு இரவில் அதை முறித்திருக்கும் மனிதர்கள் தேவைப்படுகிறார்கள். 1962 அக்டோபரில் அவர் 142 பவுண்டுக்கு வந்து சேர்ந்தார்.

1963 மே மாதத்தில், அல் லிப்பர்ட் என்ற வியாபாரியும் அவர் மனைவி ஃபெலிஸும் கூட்டுச் சேர, 'வெயிட் வாட்சர்ஸ்' என்ற பெயரில் கம்பெனி பதிவாயிற்று. லிட்டில் நெக் என்ற இடத்தில் ஒரு சினிமாக் கொட்டகைக்கு மேலிருந்த மாடியில் முதல் பொதுக் கூட்டத்துக்கு 50 நாற்காலிகள் போட்டிருந்தார்களாம். வந்தவர்கள் 400 பேர். நுழைவுக் கட்டணம் 2 டாலர். பின்னர் நடந்தவை வியாபாரச் சரித்திரத்தைச் சேர்ந்தவை. 1978-இல் ஹைன்ஸ் என்னும் உணவுக் கம்பெனி சுமார் 7 கோடி டாலருக்கு அதை விலைக்கு வாங்கிற்று என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். குறைந்த எடையைக் காத்துக்கொள்ள உதவ வேண்டிய ஆதரவுக் கூட்டம், மீண்டும் மீண்டும் சந்தா கட்டும் வாடிக்கையாளர்களை நம்பிய தொழிலாகவும் ஆகிவிட்டதில் ஒரு முரண் இருக்கத்தான் செய்கிறது. ஆனால் அந்த முரணைக் காட்டி முழுவதையும் வெறும் வர்த்தகம் என்று தள்ளிவிடுவது அந்த நாற்காலிகளுக்காக வந்து நின்றவர்களுக்குச் செய்யும் அநியாயமாகும்.

காசே வாங்காத மார்க்கமும் ஒன்று உண்டு. குடிப்பழக்கத்திலிருந்து மீள விரும்புவோருக்காக 1935-இல் தோன்றிய ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் சங்கத்தின் பன்னிரண்டு படிகளைத் தழுவி, 1960 ஜனவரியில் லாஸ் ஏஞ்சலஸில் மூன்று பெண்கள் 'ஓவர்ஈட்டர்ஸ் அனானிமஸ்' என்ற சங்கத்தைத் தொடங்கினர். அங்கே தராசு கிடையாது; இன்ன ஆகாரம் உண்க என்ற சட்டமும் கிடையாது; முழுப் பெயரைச் சொல்லவும் வேண்டியதில்லை. அடக்க முடியாத உண்ணுதலை ஒரு வியாதியாகக் கருதி, தம் சக்திக்கு மேற்பட்ட ஒன்றிடம் சரணடைவதை வழியாகக் கொள்கிறார்கள். இந்தத் தத்துவம் எல்லாருக்கும் பொருந்துவதன்று. எனினும், கூட்டத்தில் எடை பார்க்கப்படுவதை நினைத்தே வாசற்படி ஏறத் துணியாதவருக்கு, தராசு இல்லாத ஓர் அறை இருக்கிறது என்ற செய்தியே பெரிய உபகாரம்.

கூடிப் பேசுவதால் உண்மையிலேயே எடை குறைகிறதா என்ற கேள்வியைத் தட்டிக்கழிக்க முடியாது. 1959-இல் ஆல்பர்ட் ஸ்டங்கார்ட் என்ற மனோவைத்தியர், ஒரு மருத்துவமனையில் ஆகார ஆலோசனை மட்டும் பெற்றுச் சென்ற 100 பருமனான நோயாளிகளைத் தொடர்ந்து கவனித்து, இரண்டு ஆண்டுகளுக்குப் பின்னும் 20 பவுண்டுக் குறைவைக் காப்பாற்றிக்கொண்டவர்கள் 2 பேர்தாம் என்று எழுதியது மருத்துவ உலகத்தை உலுக்கிற்று. அதே ஸ்டங்கார்ட் பின்னர் டாப்ஸ் கூட்டங்களுக்கே சென்று ஆராய்ந்தார் என்பது குறிப்பிடத்தக்கது. தம் தொழிலின் தோல்வியைக் கண்ட ஒரு விஞ்ஞானி, இல்லத்தரசிகள் நடத்திய சபையிடம் பாடம் கேட்கச் சென்றார். 2003-இல் வெளியான, அமெரிக்காவில் 423 பேரை இரு பிரிவாக்கிச் செய்த சோதனையில், வாரக் கூட்டத்துக்குச் சென்றவர்கள் முதல் ஆண்டில் சராசரி 4.3 கிலோவும் இரண்டாம் ஆண்டு முடிவில் 2.9 கிலோவும் குறைந்திருந்தனர். தாமாகவே முயன்றவர்களுக்கு இரண்டாம் ஆண்டில் மிஞ்சியது 0.2 கிலோ. 2017-இல் வெளியான, இங்கிலாந்தில் 1,267 பேரிடம் நடந்த சோதனையில், சிறு புத்தகமும் யோசனையும் மட்டும் பெற்றோர் ஓராண்டில் 3.26 கிலோவும், 12 வாரம் கூட்டத்துக்கு அனுப்பப்பட்டோர் 4.75 கிலோவும், 52 வாரம் அனுப்பப்பட்டோர் 6.76 கிலோவும் குறைந்தனர். பலன் உண்டு, ஆனால் விளம்பரப் படங்களில் பழைய கால்சட்டையை இழுத்துப் பிடித்துக் காட்டுகிறார்களே, அந்த அளவு அன்று. நெடுநாள் சென்றவர்களுக்கே அதிகம் என்பதும் இதில் தெரிகிறது.

மிகப் பருமனானவர் இந்தக் கணக்குகளை ஜாக்கிரதையாகப் படிக்க வேண்டும். கிலோவில் எடையை மீட்டரில் உயரத்தின் வர்க்கத்தால் வகுத்துக் கிடைக்கும் குறியீட்டெண் 40-ஐத் தாண்டியவரே இங்கே நான் சொல்லும் மிகப் பருமனானவர். 2003-ஆம் ஆண்டுச் சோதனையில் 40-க்கு மேற்பட்டவர்களைச் சேர்த்துக்கொள்ளவே இல்லை. பல சோதனைகளின் வழக்கம் அதுவே. யாருக்கு மிகுதியாக வேண்டியிருந்ததோ அவரை ஆராய்ச்சியும் வாசலில் நிறுத்திவிட்டது. இந்தக் குறையை ஓரளவு நிரப்புவது, நீரிழிவுள்ள 5,145 பேரை வைத்து 2001-இல் தொடங்கிய 'லுக் அஹெட்' என்ற பெரிய ஆராய்ச்சி. அதில் தீவிரப் பயிற்சிப் பிரிவினர் முதல் ஆறு மாதம், மாதத்தில் மூன்று முறை கூட்டமாகவும் ஒரு முறை தனியாகவும் சந்தித்தனர். முதலாண்டு முடிவில், 40-க்கு மேற்பட்ட குறியீட்டெண் உடையவர்களும் தம் எடையில் சுமார் 9 விழுக்காடு குறைத்திருந்தனர். மற்றவர்களுக்கு அவர்கள் எள்ளளவும் பின்தங்கவில்லை. 140 கிலோ எடையுள்ளவருக்கு 9 விழுக்காடு என்பது 12 கிலோவுக்கு மேல். ஊரார் கண்ணுக்கு அது தெரியாமற் போகலாம். முழங்காலும் சர்க்கரையும் மாடிப்படியும் அதை அறியும்.

தனியே செல்வதா, துணையோடு செல்வதா என்பதைப் பற்றி 1999-இல் ரெனா விங், ராபர்ட் ஜெஃப்ரி என்ற இரு அறிஞர்கள் வெளியிட்ட ஆய்வு எனக்கு மிகவும் பிடித்தமானது. சிலரைத் தனியாகவும், சிலரை மூன்று சிநேகிதர்களோடும் சேர்த்துக்கொண்டார்கள். தனியாக வந்து சாதாரணப் பயிற்சி பெற்றவர்களில் 76 விழுக்காட்டினரே இறுதிவரை நின்றனர். குறைந்த எடையை அப்படியே காத்தவர்கள் 24 விழுக்காடு. சிநேகிதர்களோடு வந்து, ஒருவரையொருவர் தாங்கும் பயிற்சியும் பெற்றவர்களில் 95 விழுக்காட்டினர் நின்றனர்; 66 விழுக்காட்டினர் காத்துக்கொண்டனர். சிநேகிதரோடு வரத் துணிபவர் இயல்பிலேயே வாய்ப்புள்ளவர் என்று சொல்லி, இதன் மதிப்பைச் சற்றுக் குறைக்கலாம். ஆயினும் நிடெச் அம்மையார் அழைத்தது முன்பின் அறியாதவர்களை அல்ல, தம் தோழியரைத்தான் என்பதும் நினைவுக்கு வருகிறது.

உடம்பும் தன் பங்குக்கு எதிர்த்துப் போராடுகிறது என்பதை எந்தச் சபையிலும் முதல் நாளே சொல்லிவிட வேண்டும். தொலைக்காட்சிப் போட்டியொன்றில் சராசரி 58 கிலோ குறைத்த 14 பேரை ஆறு ஆண்டுகளுக்குப் பின் கெவின் ஹால் என்ற விஞ்ஞானி பரிசோதித்தபோது, சுமார் 41 கிலோ திரும்பி வந்திருந்தது. அவர்கள் உடம்பு நாளொன்றுக்கு, அந்த எடைக்கு எதிர்பார்க்கப்படுவதைவிட ஏறக்குறைய 500 கலோரி குறைவாகவே செலவழித்து வந்தது. எடை குறைந்து ஓராண்டு கழிந்தும் பசியைத் தூண்டும் சுரப்புநீர்கள் பழைய நிலைக்குத் திரும்புவதில்லை என்று 2011-இல் வெளியான ஆஸ்திரேலிய ஆய்வு ஒன்றும் காட்டிற்று. எடை திரும்பி வருவதை மனவுறுதிக் குறைவு என்று சொல்லும் எவரும் இவற்றைப் படித்ததில்லை.

நம் நாட்டு வாசகருக்கு ஒரு வார்த்தை. 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டுப் பெண்களில் நூற்றுக்கு 40 பேர் அதிக எடை அல்லது பருமன் என்ற எல்லைக்குள் இருக்கிறார்கள். நம் வீடுகளில் பத்தியம் இருப்பவர் தனியாளல்லர். இலையில் பரிமாறும் கை வேறொருவருடையது, போதும் என்பதை மனத்தாங்கலாக எடுத்துக்கொள்ளும் அன்பும் அதில் கலந்திருக்கிறது. வெளியார் கூடும் சபைக்கு இங்கே வேலை இல்லை என்று இதனால் சொல்லமாட்டேன். வீட்டில் சொல்ல முடியாததைச் சொல்ல ஓர் இடம் இன்னும் அதிகமாக வேண்டும் என்றே தோன்றுகிறது.

தராசில் ஏறும் அரை நிமிஷத்தைச் சற்று அருகிலிருந்து பார்க்கலாம். செருப்பைக் கழற்றுகிறார்கள், கைக்கடிகாரத்தைக் கழற்றுகிறார்கள், சட்டைப் பையிலுள்ள சில்லறையை எடுத்து மேஜைமேல் வைக்கிறார்கள், சிலர் அன்று காலை முதல் தண்ணீர்கூடக் குடித்திருக்கமாட்டார்கள். மூச்சைப் பிடித்துக்கொண்டு ஏறி, எண்ணைப் பார்க்காமல் எதிரே நிற்பவரின் முகத்தைப் பார்க்கிறார்கள். அந்த முகத்தில் தோன்றும் பாவந்தான் அவர் அடுத்த வாரம் வருவாரா மாட்டாரா என்பதைத் தீர்மானிக்கிறது. மிகப் பருமனானவருக்கோ இதற்கும் முந்திய சோதனைகள் இருக்கின்றன: சாதாரண எடை இயந்திரங்கள் பல 150 கிலோவோடு நின்றுவிடும், கைப்பிடியுள்ள நாற்காலியில் உடம்பு கொள்ளாது, மூன்றாம் மாடியில் கூட்டமென்றால் ஏறி வருவதற்குள் மூச்சு வாங்கிவிடும். இவற்றையெல்லாம் நடத்துவோர் அலட்சியத்தால் மறக்கிறார்களே தவிர, துவேஷத்தால் அன்று. வந்தவருக்கு மட்டும் இரண்டும் ஒன்றுபோலவே உறைக்கும்.

இப்போது பசியையே அடக்கும் ஊசிமருந்துகள் வந்துவிட்டன. வெயிட் வாட்சர்ஸ் கம்பெனி 2023-இல் அவற்றை எழுதிக்கொடுக்கும் ஒரு ஸ்தாபனத்தை வாங்கியும் கடனைச் சமாளிக்க மாட்டாமல் 2025 மே மாதத்தில் திவால் சட்டத்தின் பாதுகாப்பைக் கோரிற்று. மருந்து பலருக்குப் பெரிய விடுதலை. அதை எடுத்துக்கொள்வதைக் குறுக்குவழி என்று இகழ்வது பழைய பன்றிப் பாட்டையே வேறு ராகத்தில் பாடுவதாகும். ஆனால் அவற்றுள் ஒன்றான செமாகுளூடைடு மருந்தை நிறுத்தியவர்களுக்கு ஓராண்டுக்குள் குறைந்ததில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பிவிட்டதென்று ஆராய்ச்சி காட்டியிருப்பதால், நெடுங்காலம் கூட வரும் மனிதர்களுக்கு இன்னும் வேலை இருக்கிறது.

ஆதலால் ஒரு சங்கத்தில் சேர நினைக்கும் மிகப் பருமனான அன்பர் எவரேனும் என்னிடம் யோசனை கேட்டால், போகுமுன் தொலைபேசியில் சில விஷயங்களை விசாரித்துக்கொள்ளச் சொல்வேன்: எடை இயந்திரம் எத்தனை கிலோ தாங்கும், எண்ணை உரக்கப் படிப்பார்களா, கைப்பிடி இல்லாத நாற்காலி உண்டா, சிநேகிதர் ஒருவரை அழைத்து வரலாமா, ஆகாரம் போக வைத்தியரின் மேற்பார்வைக்கும் இடம் உண்டா என்பவற்றை. கடைசியாக ஒன்று: எடை கூடி வந்தவரிடம் அன்றைக்கு என்ன பேசுவீர்கள்? இதற்கு மறுமுனையில் சற்றுத் தயங்கி, 'வந்தீர்களே, உட்காருங்கள் என்போம்' என்கிற தோரணையில் பதில் வருமானால், அந்த முகவரியைக் குறித்துக்கொள்ளலாம்.